மருமகளுக்கு ட்ரம்பெட் வாங்கியது

வேலை நாளில் மருமகள் எனக்குப் போன் செய்வதில்லை. எங்களுக்குள் பேச்சு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான். "நல்லா இருக்கீங்களா மாமா, சாப்டீங்களா மாமா" என்று அவள் இரண்டு கேள்வி கேட்பாள். நான் இரண்டு பதில் சொல்வேன். மகன் ஊரில் இருந்தவரை அந்த இரண்டும்கூட அவன் வழியாகத்தான் போய் வந்தன. இப்போது அவன் கம்பெனி வேலையாக ஜெர்மனியில் இருக்கிறான். அவள் சிறுசேரியில் ஒரு ஐடி கம்பெனியில், எழுதப்பட்ட மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். நான் புதுப்பட்டினத்தில், கடலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சவுக்குத்தோப்பு மட்டும் இருக்கிற வீட்டில் இருக்கிறேன். என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் நாற்காலி ஆறு, ஆள் ஒன்று.

அன்று புதன்கிழமை. அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தேன். கெட்ட செய்தியை நின்றுகொண்டு கேட்கக் கூடாது.

"மாமா, ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். "நான் ட்ரம்பெட் கத்துக்கப் போறேன்."

"எதுக்கு?" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பேண்டில் இருந்தாளாம். ட்ரம்பெட் உயரமான பெண்களுக்குத்தான் கொடுப்பார்களாம். குள்ளமாக இருந்ததால் இவளுக்கு முக்கோணக் கம்பி. "டிங்னு ஒரு அடி. அப்புறம் பதினாறு எண்ணிட்டு இன்னொரு டிங். நாலு வருஷம் எண்ணிக்கிட்டே நின்னேன் மாமா." இப்போது பொத்தேரியில் ஒருவர் சனிக்கிழமைகளில் சொல்லித்தருகிறார். சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். விவரம் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ட்ரம்பெட்டைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"உங்களுக்குக் கருவி தெரியும்ல மாமா."

அது உண்மை. உத்தியோகம் முழுக்க நான் செய்தது அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். நம்பகமான ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் சீட்டு ஒட்டி அனுப்புவோம். தவறாக இருந்தால் திருப்பி அனுப்புவோம். திருப்பி அனுப்புவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை படித்தேன். ஆரம்பிக்கிறவர் வாங்கும் ட்ரம்பெட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று இணையத்தில் ஆளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒத்துப்போன விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்று வால்வுகளும் அமுக்கினால் தடையில்லாமல் இறங்கி, விட்டவுடன் ஏற வேண்டும். குழாய்க்குள் குழாயாக இருக்கும் ஸ்லைடுகள் கையால் இழுத்தால் வர வேண்டும். ஊதும் முனையிலிருந்து போகும் முதல் குழாயில் நசுங்கல் இருக்கக் கூடாது. சுருதி பார்க்கிற செயலி ஒன்றும் இறக்கினேன். அதை என் போனில் போடாமல் மனைவியின் பழைய போனில் போட்டேன். சிம் எடுத்துவிட்ட பிறகு அது அலாரம் அடிப்பதற்கு மட்டும்தான் இருந்தது. ஒலி எழுப்பினால் திரையில் ஒரு முள் ஆடி, எந்த ஸ்வரம், எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும். வீட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் தட்டிப் பார்த்தேன். பதினொன்றில் இரண்டு ஒரே சுருதி.

சனிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு அவள் காரில் வந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். வழியெல்லாம் கேஸை அணைத்தேனா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏரி தெரிந்தபோது, "கேஸ் அணைச்சிட்டீங்க மாமா, நான் பாத்தேன்" என்றாள்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் அந்தக் கடை. கல்யாணத்துக்கும் தேருக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட்டுக்காரர்கள் வாங்குகிற இடம். சுவரில் பொன்னிறச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுகள் தொங்கின. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"வா சார். இன்னா வோணும்? பேரனுக்கா?"

"ட்ரம்பெட். இவங்களுக்கு."

அவர் மருமகளைப் பார்த்தார். "மேடமுக்கா! சூப்பர். வூட்டுக்காரர் பாவம்."

"அவர் ஜெர்மனியில இருக்கார்ண்ணா. காது தப்பிச்சுது."

அவர் சிரித்துக்கொண்டே நான்கை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சிவப்பு பெயின்ட் அடித்தது. அதன் வால்வை அமுக்கியதும் உள்ளே மணல் இருப்பதுபோல் நறநறத்தது. தள்ளி வைத்தேன். மீதி மூன்றில் இரண்டு பளபளவென்று புதுசு, ஒன்று யாரோ வாசித்துப் பழகிய பழசு.

"ஊதிக் காட்டுங்க. எந்த வால்வையும் அமுக்க வேண்டாம்."

ஊதினார். வால்வு அமுக்காமல் ஊதினால் எந்த ஸ்வரம் வர வேண்டும் என்று இணையத்தில் கிடைத்த ஒரு பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மனைவியின் போனில் முள் அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே போய் நின்றது.

"இறங்கியிருக்கு. அடுத்தது."

அடுத்ததும் இறங்கியிருந்தது. பழசும் அப்படியே.

"இன்னா சார், மூணுமே ராங்கா? சுதி சுத்தமா கீது. போன வாரம்கூட இத்த வெச்சிகினுதான் கோயில் தேர்ல ஊதினாங்கோ."

"ஊர்வலத்தில் யாருக்குத் தெரியும்?"

"ஏன் சார் பேஜார் பண்ற? இருவது வருசமா கடை வெச்சிகினு கீறேன். ஒருத்தன் மிஷின் எடுத்தாந்ததில்ல."

வேறு கடை பார்க்கலாம் என்று நான் எழுந்துவிட்டேன். மருமகள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மூணும் எவ்வளவு இறங்கியிருக்கு?"

"ஒரே அளவுதான்."

"மூணும் ஒரே அளவு தப்புன்னா, தப்பு டெஸ்ட்லதானே மாமா இருக்கும்?"

உட்கார்ந்துவிட்டேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விஷயமே அதுதான். அவள் தன் போனில் தேடிப் படித்தாள். இந்த வகை ட்ரம்பெட்டுக்கு எழுதுவது ஒரு ஸ்வரம், ஒலிப்பது அதற்கு ஒரு ஸ்வரம் கீழே. உலகம் முழுக்க அப்படித்தானாம். பேண்டில் எல்லோரும் வைத்திருப்பதும் அந்த வகைதானாம். நான் பிடிவாதமாகத் தேடியிருந்தால், என் முள்ளுக்குப் பொருந்துகிற இன்னொரு வகை கிடைத்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவள் எந்தக் கூட்டத்திலும் சேர்ந்து வாசிக்க முடியாமல் நின்றிருப்பாள்.

"அப்போ கருவி பாஸ், டெஸ்டர் ஃபெயில்" என்று சொல்லிவிட்டு, மாமனாரிடம் சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் விழித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளும் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி எட்டு வருஷம்.

பிறகு வேலை சுலபமானது. புதுசு இரண்டிலும் மூன்றாவது ஸ்லைடு நகரவே இல்லை. பழசில் இடது கை பிடிக்கிற இடத்தில் மெருகு தேய்ந்து, ஒரு கையின் அடையாளம் பித்தளையில் தெரிந்தது. அகன்ற வாய்ப் பக்கம் சின்ன நசுங்கல் இருந்தது. அது ஒலியைக் கெடுக்காது என்று படித்திருந்தேன். வால்வுகள் மூன்றும் எண்ணெயில் போவதுபோல் போய் வந்தன. நடு ஸ்லைடை, வால்வை அமுக்காமல் வெளியே உருவினேன். பக் என்று சத்தம் வந்தது. காற்றுக் கசிவு இல்லாவிட்டால்தான் அந்தச் சத்தம் வரும்.

"புதுசு பளபளன்னு இருக்கே மாமா" என்றாள், ஆசை விடாமல்.

"பளபளப்பு இருக்கட்டும். சத்தம் வராதபோது, குற்றம் நம்மிடமா வாத்தியத்திலா என்று ஆரம்பிக்கிறவருக்குச் சந்தேகம் வரக் கூடாது. இது நம்பலாம்."

பழசையே வாங்கினோம். கடைக்காரர் கூம்பு மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். "மேடம் ஃப்ளாட்டா? இத்த ட்ரம்பெட் வாயில சொருகிகினா பக்கத்து ரூமுக்குக்கூட கேக்காது. மியூட்டுன்னு பேரு."

"பரவால்லண்ணா, எங்க ஃப்ளாட்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்கள். குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், பன்னிரண்டாவது மாடியில் யாராவது கன்றுக்குட்டி வளர்க்கிறார்களா என்று ஒருவர் கேட்டாராம். அதற்குக் கீழே முப்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்களாம். எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமைல உங்க வீட்டுக்கு வந்து ஊதட்டுமா?"

இங்கே ஊதலாம். ஒரு பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, மறு பக்கம் காலி மனை. பின்னால் சவுக்கு, அதற்குப் பின்னால் கடல். "வாயேம்மா" என்றேன். போனை வைத்த பிறகு, சனிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவற்றை யோசித்தேன். பின்னறையில் இருந்த பழைய பேப்பர் கட்டுகளை எடுத்துப் போட வேண்டும். தோசை மாவு வேண்டும். இரண்டாவது தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னறையிலிருந்து வந்த சத்தத்தை ட்ரம்பெட் என்று சொல்ல முடியாது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஒரு முறை ஊளையிட்டுவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டது. நீளமாக ஒரே ஸ்வரத்தை, மூச்சு முடியும்வரை பிடிப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த பயிற்சி. நான் சமையலறையில் இருந்தபடி எண்ணினேன். எண்ணச் சொல்லி அவள் கேட்கவில்லை. எந்தச் சத்தம் தொடர்ந்து கேட்டாலும் எனக்கு எண்ணிக்கை தானாக ஓடும்.

"ஏழு!" என்றேன்.

உள்ளேயிருந்து, "மறுபடி மாமா!"

"ஒன்பது!"

"பொய்யா எண்ணாதீங்க!"

"எட்டரை!"

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. பத்தரைக்கு வருவாள். ஊதுவாள், நான் எண்ணுவேன். உதடு மரத்துப்போய்விட்டது என்று நிறுத்துவாள். சாப்பிடுவோம். பேச்சு அதிகமில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, இப்போதும் பேசவில்லை. ஒரு நாள் தோசையைப் பிட்டுக்கொண்டே, "அத்தை இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்றாள்.

"காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருப்பாள்."

"இல்ல மாமா. தெரு முழுக்கப் போய், என் மருமக ட்ரம்பெட் ஊதறா, வந்து கேளுங்கன்னு சொல்லியிருப்பாங்க."

அது சரிதான். சட்னி எடுக்க உள்ளே போய்விட்டேன்.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ட்ரம்பெட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். ஃப்ளாட்டில் ஊத முடியாது, பொத்தேரியில் சொல்லித்தருகிறவர் வகுப்புக்கு மட்டும் தன்னுடையதைத் தருகிறேன் என்றிருக்கிறார், தூக்கிக்கொண்டு அலைவானேன் என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பெட்டி இங்கே இருந்தால் அவள் வந்தாக வேண்டும்.

திங்கட்கிழமைகளில் பெட்டியைத் திறந்து துடைத்தேன். வால்வுகளுக்கு எண்ணெய் விட்டேன். ஊதிப் பார்க்கவில்லை. எனக்கு மேல் வரிசை முன்பற்கள் கட்டுப்பல்.

மழை முடிந்து காற்று திரும்பிய ஒரு திங்கட்கிழமை, நடு ஸ்லைடின் வளைவில், மெருகு போன இடத்தில் கடுகளவு பச்சை தெரிந்தது. களிம்பு. துடைத்தேன், போயிற்று. வியாழக்கிழமை மறுபடி வந்தது. இன்னொரு இடத்திலும் இருந்தது.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் உப்புக்காற்று விட்டுவைத்த உலோகம் எதுவும் இல்லை. கேட் இரண்டாவது கேட். பிரிட்ஜ் கால்கள் துருப்பிடித்து உதிர்ந்து, செங்கல்லில் நிற்கிறது. ஆபீசில் கடல் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வருகிற கருவிகளைத் தனியாக வைத்துப் பார்ப்போம். ட்ரம்பெட் வாங்கும்போது நசுங்கலைப் பார்த்தேன், கசிவைப் பார்த்தேன், சுருதியைத் தப்பாகப் பார்த்தேன். அது எந்த வீட்டில் இருக்கப்போகிறது என்று பார்க்கவில்லை.

ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி பீரோவில் வைத்தேன். வெளியே துடைத்துவிடலாம். வால்வுக்குள் போகிற காற்றை யார் துடைப்பது? அவள் ஊதும் நேரமெல்லாம் ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒரு வருஷம் இங்கே இருந்தால் வால்வு இறுகும். அவளுக்குச் சத்தம் வராது, தன்னால்தான் முடியவில்லை என்று நினைப்பாள். இரண்டு வாரம் இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் அவள் வந்தாள். பதினான்கு வரை பிடித்தாள்.

மூன்றாவது வாரம் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனேன்.

"அட, மிஷின் சார்! எங்க மிஷின்?"

"மியூட் வேணும்."

"அப்பவே சொன்னேன்ல. மேடமுக்கு ஃப்ளாட்ல சண்டையா?"

"இல்லை. என் வீட்டில்தான் வந்து ஊதுகிறார்கள். உப்புக்காற்று. களிம்பு பிடிக்கிறது."

"உன் வூட்லயா? அதுக்கு மியூட் எதுக்கு சார்? தொடச்சி வெய். வாரத்துக்கு ஒருவாட்டி வந்து ஊதிகினு போவட்டும். நல்லாதானே கீது."

"நன்றாகத்தான் இருக்கிறது. மியூட்டைக் கொடுங்கள்."

கொடுத்தார். காகிதத்தில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது இறங்கிவிடலாமா என்று இருந்தது. இறங்கி என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊதி முடித்து, சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். பச்சை வந்த இடங்களைக் காட்டினேன். காற்று, ஈரம், வால்வு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஆபீசில் சோதனை முடிவைக் கேட்பதுபோல் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியாக மியூட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதைப் போட்டால் ஃப்ளாட்டிலேயே ஊதலாம். தினமும் ஊதலாம். வாரம் ஒரு நாள் போதாது."

"அப்போ இங்க வர வேண்டாங்கறீங்களா மாமா?"

"ட்ரம்பெட் வர வேண்டாம்."

மியூட்டைக் கையில் எடுத்து உருட்டினாள். "ட்ரம்பெட் இல்லாம நான் இங்க வந்து என்ன பண்றது?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்டாள். நானும் யோசித்தேன். டீ போடட்டுமா என்று கேட்டேன். போடுங்க என்றாள். டீ குடித்துவிட்டு, பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, அது ஆடாமல் இருக்கத் தன் கைப்பையை முட்டுக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அடுத்த ஞாயிறு மாவு கரைத்து வைத்திருந்தேன். அவள் வரவில்லை. பதினோரு மணிக்குப் போன் வந்தது. நல்லா இருக்கீங்களா மாமா, சாப்டீங்களா மாமா. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு, ரோட்டில் ரொம்ப நெரிசல், பூஞ்சேரி வரை வண்டி நகரவில்லை என்று யாரோ சொன்னார்களாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். நான் கேட்காமலே சொன்ன காரணம் அது. புளித்துப்போன மாவைக் கொட்டினேன்.

போன வாரம் புதன்கிழமை மறுபடியும் போன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"பயப்படாதீங்க மாமா. மியூட் போட்டா சுருதி ஏறுதுன்னு நினைக்கிறேன். என் காதுதான் தப்பா, நிஜமாவே ஏறுதான்னு தெரியல. எங்கிட்ட அந்த ஆப் இல்ல."

அவள் போனில் அதை இறக்க ஒரு நிமிஷம் ஆகும். அது அவளுக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

"இரு" என்று சொல்லி மனைவியின் போனைத் தேடி எடுத்து, செயலியைத் திறந்து, என் போனில் ஸ்பீக்கரைப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "ம், ஊது."

கொசு ரீங்காரம்போல ஒரு ஒலி, ஆனால் ஆடாமல் வந்தது. முள் மேலே போய் நின்றது.

"ஏறியிருக்கு. உன் காது சரி. முன் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழு."

இழுத்து ஊதினாள்.

"இன்னும் ஒரு நூல்."

ஊதினாள்.

"அதிகமாகிவிட்டது. பாதி உள்ளே தள்ளு."

மறுபடி ஊதினாள். முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. அவள் நிறுத்தவில்லை. மூச்சு இருக்கிறவரை பிடித்தாள். நான் எண்ணினேன்.

"இருபத்தொன்று" என்றேன்.

"பொய்யா எண்ணலையே?"

"இல்லம்மா."

"சரி மாமா. ஆபீஸ் கால் ஒண்ணு இருக்கு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். மனைவியின் போனை அணைக்க மறந்துவிட்டேன். மின்விசிறிக்கு முள் கொஞ்சம் அசைந்தது. தோப்பில் காக்கை கத்தியதற்கு எங்கோ போய்விட்டு வந்தது. நான் நாற்காலியை இழுத்தபோது ஒரு பக்கமாகத் துள்ளியது. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.